உலக்கையிலிருந்து ஒரு மாலை

வன்னிப் பக்கத்துப் பழைய வீடுகளில் நெல் குற்றிய உலக்கை இன்னும் எங்காவது சுவரோடு சாத்தியபடி கிடக்கும். ஊருக்கு ஊர் மில் வந்தபின் அதற்கு வேலையில்லை. சில வீடுகளில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. சில வீடுகளில் அடுப்புக்குள் போய்விட்டது. நல்ல உலக்கை என்றால் கருங்காலி. ஐந்தடி நீளம், கைக்குள் அடங்கும் பருமன். விட்டம் 6 சென்ரிமீற்றர் என்று வைத்தால், ஒரு உலக்கைக்குள் ஏறத்தாழ 4,300 கன சென்ரிமீற்றர் மரம் இருக்கிறது. ஒரு சென்ரிமீற்றர் மணி கடைய வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். வாள் தின்னும் தூள், நுனிகளின் வெடிப்பு, வளைவில் போகும் கழிவு எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்தாலும் ஆயிரம் மணி தேறும். நூற்றெட்டு மணி மாலையாகக் கோத்தால் ஒன்பது மாலை.

நகைக்கு வேண்டிய மரம் இவ்வளவுதான். கதவு செய்பவருக்குக் குற்றி வேண்டும், கட்டில் செய்பவருக்குப் பலகை வேண்டும். தோடும் மோதிரமும் செய்பவருக்கு அந்த இருவரும் கழித்துப் போட்டதே போதும். ஆனால் கழிவிலிருந்து எடுப்பவர், எடுப்பது எந்த மரம், எந்தப் பக்கம், எவ்வளவு காய்ந்தது என்பதைப் பலகை வாங்குபவரைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். பலகையில் ஒரு மூலை வெடித்தால் புட்டி போட்டு மறைக்கலாம். மோதிரத்தில் மூலையே கிடையாது.

கருங்காலியிலேயே தொடங்குவோம். தாவரவியலில் அதன் பெயர் டையோஸ்பைரோஸ் எபெனம். தென்னிந்தியாவும் இலங்கையின் உலர் வலயக் காடும் அதற்குச் சொந்த மண். பனிச்சை மரம் அதன் நெருங்கிய உறவு. உயிரோடு நிற்கும் கருங்காலி மரத்தை வெளியே பார்த்தால் உள்ளே கறுப்பு எவ்வளவு இருக்கிறதென்று சொல்ல முடியாது. எல்லா மரத்தையும் போல இதற்கும் வெளிப்பக்கத்தில் வெளிறு உண்டு. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறுவது அந்த வெளிறு வழியாகத்தான். அதிலுள்ள சில செல்கள் உயிரோடிருந்து மாப்பொருளைச் சேமிக்கின்றன. வயது போகப் போக உட்புற வெளிற்றுச் செல்கள் சாகின்றன. சாகும்போது, கையிருப்பில் இருந்த மாப்பொருளையும் சீனியையும் பீனோல் வகைச் சேர்மங்களாக மாற்றிச் சுற்றிலும் விட்டுவிட்டுச் சாகின்றன. அந்தச் சேர்மங்கள்தான் இப்படிச் செத்த உட்பகுதியான வைரத்துக்கு நிறமும் மணமும் பூச்சி எதிர்ப்பும் தருகின்றன. கருங்காலியில் அவை செல்லின் உள்வெளியையே கறுப்பாக அடைத்துவிடுகின்றன.

எடையும் அதனால்தான் வருகிறது. மரத்தின் செல் சுவரை மட்டும் தனியே எடுத்தால் அதன் அடர்த்தி எந்த மரத்திலும் ஏறத்தாழ 1.5. முருங்கையானாலும் பாலையானாலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது உள்ளே இருக்கும் வெற்றிடம். தேக்கில் பாதிக்கு மேல் காற்று. அதனால் அதன் அடர்த்தி 0.65 அளவில் நிற்கிறது. கருங்காலியில் வெற்றிடம் குறைவு, இருக்கும் இடத்தையும் கறுப்புப் பொருள் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அதன் வைரம் தண்ணீரின் அடர்த்தியை எட்டும், சில துண்டுகள் தாண்டியும் போகும்.

மிக மெதுவாக வளரும் மரம். வெளிறு அகலமானது, வெளிர் நிறமானது, மணிக்கு ஆகாதது. வைரமோ ஒழுங்கில்லாத வடிவில் நடுவே கிடக்கும். இள மரத்தில் பெயருக்குக் கூட இருக்காது. நகைக்காக ஒரு கருங்காலியை வெட்டுபவர் பெரும்பாலும் வெளிறை வெட்டிக் குவிக்கிறார் என்பதே உண்மை.

கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் கருங்காலி மாலை மோகம் ஒன்று பரவியது. சினிமாக்காரர்களின் கழுத்தில் கண்டார்கள், அடுத்த மாதம் கோயில் வாசல் கடைகளில் எல்லாம் தொங்கியது. அதன் சோதிடப் பலனைப் பற்றி இந்த நூலுக்குச் சொல்ல எதுவுமில்லை. இவ்வளவு மெதுவாக வளரும் மரத்திலிருந்து இவ்வளவு வேகமாக இத்தனை மாலை எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. பெரும்பகுதி வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியது என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது.

மக்கள் செய்யும் சோதனை, தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. அமிழ்ந்தால் கருங்காலி என்பார்கள். இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வேலை செய்யும். மிதக்கும் இலேசான மணி சந்தேகத்துக்குரியது. அமிழ்வதெல்லாம் கருங்காலி ஆகிவிடாது. வன்னிப் பாலையும் அமிழும். பாலைத் துண்டுக்குச் சாயம் ஏற்றிக் கொடுத்தால் சோதனை தோற்றுப்போகும். இன்னொரு குழப்பமும் உண்டு: சித்த மருத்துவக் கடைகளில் கருங்காலிக் கட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் அகேசியா கட்டேச்சு என்ற வேறு மரம். வெற்றிலைக்குக் காசுக்கட்டி காய்ச்சுவது அதன் வைரத்திலிருந்து. அந்த மரம் செம்பழுப்பு. தண்ணீரில் ஊறினால் சாயம் இறங்கத்தான் செய்யும், அது கலப்படமல்ல. ஆனால் டையோஸ்பைரோஸ் கருங்காலியை ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணி கறுக்கக் கூடாது. கறுத்தால் வெளியிலிருந்து ஏற்றிய நிறம்.

நம்பகமான வழி வெட்டுமுகத்தைப் பார்ப்பது. ஒரு மணியைத் தியாகம் செய்து, நாருக்குக் குறுக்கே புதிய பிளேட்டால் மெல்லச் சீவி, நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கும் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். மரத்தின் தண்ணீர்க் குழாய்கள் ஊசித் துளைகளாகத் தெரியும். கருங்காலியில் அவை மிகச் சிறியவை, ஒன்றிரண்டாகச் சேர்ந்து சிதறிக் கிடக்கும், இடையிலுள்ள நிலம் கண்ணாடிபோல் இறுகிக் கறுத்திருக்கும். சாயம் ஏற்றிய மலிவு மரத்தில் துளைகள் பெரியவை. சாயம் துளை வழியே கொஞ்சம் இறங்கி நடுவில் நின்றுபோயிருக்கும். மணியைக் கோக்கத் துளைத்த ஓட்டையைச் சுற்றியும் ஒரு வெளிர் வளையம் தெரியும். இந்த லென்ஸ் ஐந்நூறு ரூபாய்ப் பொம்மையா, ஐயாயிரம் ரூபாய்ச் சாமானா என்பது முக்கியமில்லை. பிளேட் கூர்மையாக இருப்பதுதான் முக்கியம். மழுங்கிய பிளேட் துளைகளைப் பூசி மூடிவிடும், எதுவும் தெரியாது.

அதே லென்ஸைப் பனங்குற்றியின் வெட்டுமுகத்தில் வைத்தால் வேறொரு உலகம். வளையம் இல்லை, வெளிறு வைரம் என்ற பிரிவு இல்லை. மங்கிய பழுப்பு நிலத்தில் கறுப்புப் புள்ளிகள் விதைத்ததுபோல் கிடக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நார்க்கட்டு. தண்ணீரும் உணவும் போகும் குழாய்கள், அவற்றுக்குத் தொப்பி வைத்ததுபோல் கல்லாய் இறுகிய நார். பட்டைப் பக்கத்தில் புள்ளிகள் நெருக்கம். உள்ளே போகப் போக இடைவெளி கூடி, நடுவில் சோறுதான் மிச்சம். தொல்காப்பியத்தின் மரபியல் இந்த வேறுபாட்டை வைத்தே தாவரங்களைப் பிரிக்கிறது: வெளியே வைரம் உள்ளவை புல் இனம், உள்ளே வைரம் உள்ளவை மரம். தெங்கும் பனையும் மூங்கிலும் புல்லின் பக்கம் போய்விழும். இன்றைய தாவரவியல் ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரிக்கும் கோடும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் விழுகிறது. வெட்டிய குற்றியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் வகுத்த இலக்கணம் அது.

பூநகரியிலும் முல்லைத்தீவுக் கரையிலும் பனைக்குக் குறைவில்லை. நகைக்கு எடுக்க வேண்டியது முதிர்ந்த மரத்தின் வெளிப்புற இரண்டு அங்குலம். நாரின் நீளவாக்கில் சீவினால் கறுப்புக் கோடுகள். குறுக்கே சீவினால் புள்ளிகள். சாய்வாகச் சீவினால் நீண்ட துளிகள். ஒரே கட்டையிலிருந்து மூன்று வடிவம். குறையும் உண்டு. கறுப்பு நார் இரும்புபோல, இடையிலுள்ள திசு மென்மை. தேய்க்கும்போது மென்மையானது முதலில் தேய்ந்து, நார்கள் முள்ளாக எழும். பனஞ்சிராம்பு கையில் ஏறியவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆகவே பனையைத் தோலில் படும்படி அணிய வேண்டுமானால், மேற்பரப்பை முதலில் மெல்லிய சூப்பர் குளூ அல்லது எபொக்சிப் பசை ஊற விட்டு இறுக்கி, அதன்பின் தேய்க்க வேண்டும். வெட்டுமுகத் தோடு செய்பவர்கள் இந்தப் படியைத் தவிர்க்கவே முடியாது.

அடுத்தது திசை. இதைச் சரியாகப் பிடித்தவர் பாதி வேலையை முடித்தவர். மரத்துண்டு என்பது ஈர்க்குக்கட்டு. நீளவாக்கில் இழுத்தால் அறாது. குறுக்கே விரித்தால் பிரிந்துவிடும். நார்வாக்கில் உள்ள இழுவலிமை குறுக்குவாக்கில் உள்ளதைவிடப் பத்து இருபது மடங்கு. இப்போது ஒரு பலகையில் வட்டம் போட்டு மோதிரம் வெட்டுங்கள். வட்டத்தின் இரண்டு இடங்களில் நார் வளையத்தோடு ஓடும், அங்கே பலம். இன்னும் இரண்டு இடங்களில் நார் வளையத்தைக் குறுக்கே வெட்டும், அங்கே கை தவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தால் இரண்டு துண்டு. எவ்வளவு நல்ல முதிரையானாலும் இதே கதை. இதற்கு இரண்டு தீர்வு இருக்கிறது. மூன்று மெல்லிய தகடுகளை ஒன்றன் நார் மற்றதற்குக் குறுக்காக வரும்படி ஒட்டி, அதில் வெட்டலாம். அல்லது அரை மில்லிமீற்றர் சீவலைச் சுடுநீரில் தோய்த்து, குழாய் ஒன்றைச் சுற்றி இரண்டு மூன்று சுற்றாக ஒட்டலாம். இரண்டாவதில் நார் விரலைச் சுற்றியே ஓடுகிறது. உடையும் இடமே இல்லை. ஓடாவியின் சீவுளியிலிருந்து சுருண்டு விழும் நீளச் சீவல் இதற்கு அருமையான பொருள். அதை யாரும் விலைக்கு விற்பதில்லை.

காப்பில் பிரச்சினை உடைவது மட்டுமல்ல, கோணுவது. மரம் தண்ணீரை இழக்கும்போது சுருங்குகிறது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. நார்வாக்கில் சுருக்கம் அற்பம், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆர வாக்கில் அதைவிடப் பல மடங்கு. ஆண்டு வளையத்தை ஒட்டிய வாக்கில் ஆரவாக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பச்சை மரம் நடுவிலிருந்து வெளியே பிளப்பதற்குக் காரணம் இந்த இரண்டு அளவுகளின் சண்டைதான்.

காய்ந்த மரமும் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு அது எப்போதும் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கும். மாரியில் வன்னிக் காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டும்போது மரத்துக்குள் அதன் உலர் எடையில் 15 வீதத்துக்குச் சற்றுக் கூடத் தண்ணீர் தங்கும். அந்த மாதத்தில் செய்த காப்பு ஒன்று தையில் ரொறன்ரோவிலுள்ள மருமகளுக்குப் போகிறது என்று வையுங்கள். அங்கே வெளியே பனி, உள்ளே ஹீற்றர். அறையின் ஈரப்பதன் 25, 30 வீதம். மரத்துக்குள் தங்கக்கூடிய தண்ணீர் 6 வீதத்துக்கு இறங்கிவிடும். வெளிவிட்டம் 75 மில்லிமீற்றர் உள்ள காப்பு, குறுக்கே ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் ஒடுங்கும், நார்வாக்கில் அசையாது. வட்டமாகப் போனது முட்டையாகிவிடும், அல்லது வெடிக்கும். மருமகள் நல்லவள், சொல்லமாட்டாள்.

வெளிநாட்டுக்குப் போகும் மர நகையில் அகலம் குறைவாக இருப்பது நல்லது. ஒரு சென்ரிமீற்றர் மணி ஒடுங்கினால் இரண்டு மூன்று மயிரளவு, யாருக்கும் தெரியாது. மரத்தை வெள்ளியில் பதிக்கிறவர்கள் குறுக்குவாக்கில் மிக மெல்லிய இடைவெளி விட வேண்டும். வெள்ளி சுருங்காது, மரம் சுருங்கும். இறுகப் பதித்த முகப்பு அடுத்த குளிரில் கழன்று விழும்.

காய்ந்ததா என்று அறிய ஈரமானி வாங்க வேண்டியதில்லை, தராசு போதும். துண்டை ஒரு கிராம் துல்லியமான தராசில் நிறுத்து எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுத வேண்டும். கிழமைக்கு ஒருமுறை நிறுக்க, எடை இறங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிற்கும். நின்றால் அந்த அறையின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. எண் வேண்டுமென்றால் அதே கட்டையிலிருந்து ஒரு சிறு துண்டைத் தியாகம் செய்யலாம். 57 கிராம் துண்டை அடுப்பில் 103 பாகை செல்சியசில் எடை மாறாத வரை வைத்து 50 கிராமில் நின்றால், போன 7 கிராம் தண்ணீர், உலர் எடையில் 14 வீதம். புதிதாக வெட்டிய துண்டானால் இரு நுனிகளிலும் முதலில் மெழுகு பூச வேண்டும். வெட்டுமுகத்தின் வழியே தண்ணீர் பக்கவாட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக வெளியேறும். நுனி முந்திக் காய்ந்தால் நுனியிலேயே வெடிப்புத் தொடங்கும்.

எடையைப் பற்றிப் பேசும்போது காதையும் நினைக்க வேண்டும். பாலை மரத்தில் நான்கு கன சென்ரிமீற்றர் தொங்கட்டான் செய்தால் நான்கு கிராமுக்குச் சற்றுக் கூட. அதே அளவு தேக்கில் இரண்டரை. வெள்ளியில் 42 கிராம், பொன்னில் 77. பெரிய வடிவத்தைக் காது தாங்கும்படி செய்ய முடிவது மரத்தில் மட்டும்தான், அதுவும் இலேசான மரத்தில். கனத்த பாலையும் கருங்காலியும் கழுத்துக்குப் போகட்டும். காதுக்குத் தேக்கு, வேம்பு, பூவரசு. பாலையைப் பலர் விறகாகவும் வேலிக் கட்டையாகவும் மட்டுமே அறிவார்கள். வைகாசி, ஆனியில் பழத்துக்காகக் காட்டுக்குள் போனவர்கள்கூட அதன் வைரத்தை மெருகேற்றிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஊதா கலந்த செம்பழுப்பு, நுண்ணிய துளை, கண்ணாடி மெருகு. உளி மழுங்கும், அரம் தேயும். அந்தச் சிரமத்தால்தான் அதற்கு இன்னும் சந்தையில் பெயர் வரவில்லை என்பது என் எண்ணம்.

முதிரைக்குப் பெயர் எப்போதோ வந்துவிட்டது. குளோரோசைலன் சுவீட்டீனியா, எலுமிச்சையும் விளாத்தியும் சேர்ந்த குடும்பம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயச் செல்வந்தர் வீட்டு மேசைகளில் இது தங்க நிறத்தில் மின்னத் தொடங்கியது. 1833 இல் பேராதனையில் மகாவலிக்கு மேலே 205 அடி நீளத்தில் ஒரே வளைவாக நின்ற பாலம் முழுக்க முதிரை. 1905 வரை அது நின்றது. வன்னியில் நாற்காலி, கதவு நிலை, பெட்டகம் எல்லாம் இந்த மரத்தில்தான். ஒரு துண்டை மெருகேற்றி விளக்கின் கீழ் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு பட்டி ஒளிரும், அடுத்த பட்டி மங்கும்; திருப்பினால் மங்கியது ஒளிரும், ஒளிர்ந்தது மங்கும். மரம் வளரும்போது சில காலம் நார்கள் இடம் சாய்ந்தும் பிறகு சில காலம் வலம் சாய்ந்தும் அடுக்கப்படுவதால் வரும் விளையாட்டு இது. சாய்வு மாறினால் ஒளி திரும்பும் கோணம் மாறுகிறது. ஓடாவி இதைத் திட்டித் தீர்ப்பார். ஒரு பட்டியில் சீவுளி வழுக்கும், அடுத்த பட்டியில் நாரைப் பிடுங்கும். பதக்கம் செய்பவருக்கு இது வரம். பட்டி அகலம் சில மில்லிமீற்றர் என்றால் இரண்டு சென்ரிமீற்றர் முகப்பில் மூன்று நான்கு பட்டி அடங்கும்படி வெட்டவேண்டும். ஒரே பட்டிக்குள் வெட்டினால் வெறும் மஞ்சள் மரம். பட்டி தெரிய வேண்டுமானால் ஆரவாக்கில் பிளந்த முகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதிரையின் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் கொண்டுவரும். மரத்திலுள்ள ஆல்கலாய்டுகள் காரணம் என்று நெடுங்காலமாகத் தெரியும். வேலை செய்பவரைத்தான் அது கூடுதலாகத் தாக்கும். தூள் வியர்வையில் ஒட்டிக் கரைகிறது. அணிபவருக்கும் தோல் மென்மையானால் பிடிக்காமல் போகலாம். அதனால் முதிரையைத் தோலில் நேரே உரசும் மோதிரத்தைவிட, சட்டைக்கு மேல் தொங்கும் பதக்கத்துக்கு வைப்பது புத்தி. சில மரங்களைத் தொடவே கூடாது. களப்போரத்துத் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகவாவது பறிக்கும். அலரிக் கொம்பு பார்க்க வழுவழுப்பாக இருக்கும், கடைவதற்கு இலகு, ஆனால் மரம் முழுக்க இதய நஞ்சு. காஞ்சூரையும் நஞ்சுதான். குழந்தை வாயில் வைக்கக்கூடிய பொருள் நகை என்பதை மறந்துவிடக் கூடாது. மற்றபடி எந்த மரத்தின் தூளும் மூச்சுக்கு நல்லதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் மரத்தூளையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கறைப் புற்றுதான் முக்கிய கவலை. கடைசல் இயந்திரத்தருகே துணியை மூக்கில் கட்டுவது போதாது, முகக்கவசம் வேண்டும்.

எங்கே எடுப்பது? வன்னியில் இந்தக் கேள்விக்குக் காடு என்று பதில் சொல்வது சுலபம், ஆனால் தவறு. இலங்கையில் 1990 முதல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒதுக்கக் காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையையும் வனத் திணைக்களத்தின் அனுமதியின்றி எடுக்க முடியாது; 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் காடுகள் கட்டளைச் சட்டம் அதற்கு நெடுங்காலமாக வேலி போட்டிருக்கிறது. சட்டம் தவிர இன்னொன்றும் உண்டு. முகமாலையில் இன்னும் மிதிவெடி அகற்றும் வேலை பேசப்படுகிற மாவட்டம் கிளிநொச்சி. சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கடந்து எடுக்கும் அளவுக்கு எந்தத் தோடும் அழகாக இருக்காது.

சொந்த வளவு மரமும் முழுச் சுதந்திரமல்ல. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட 1951 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். வேறு பல மரங்களை வீதியால் கொண்டுபோகவும் பெர்மிட் கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டால் தலையிடி இல்லை. கருங்காலி மரத்தையும் அதில் செய்த பொருட்களையும் ஏற்றுமதி செய்ய உரிமம் வேண்டும். வீட்டு உலக்கையில் கடைந்த மணியும் எல்லை தாண்டும்போது கருங்காலி மணிதான், அதிகாரிக்கு அதன் வரலாறு தெரியாது.

நல்ல சுரங்கம் மரக்காலையின் வாசலில் கிடக்கிறது. அரச மரக்கூட்டுத்தாபனத்திலிருந்து முறைப்படி வாங்கிய தேக்கு, முதிரைக் குற்றிகளை அரியும்போது விழும் ஓரத்துண்டு, தச்சுப் பட்டறையில் கதவுக்கால் அளவுக்கு வெட்டியபின் மிஞ்சும் ஆறங்குலக் கட்டை. பெரும்பாலும் விறகு விலை. பழைய வீட்டுச் சாமான் அதைவிட மேல்: உடைந்த வண்டிச் சக்கரத்தின் குடம், ஆரக்கால், கதவு நிலை, உரல், முகட்டுவளை. ஐம்பது வருடம் வெயிலும் மாரியும் மாறி மாறிப் பார்த்த மரம் சுருங்க வேண்டிய அளவு சுருங்கி, வெடிக்க வேண்டிய இடத்தில் வெடித்துவிட்டது. வெளிறில் உளு இருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பார்க்க வேண்டும். உளுக்கும் வண்டு மாப்பொருளைத் தேடித்தான் முட்டையிடும். வெளிறில் மாப்பொருள் உண்டு, வைரத்தில் இல்லை. மாவுபோல் நுண்தூள் கொட்டினால் அந்தக் கட்டையை நல்ல கட்டைகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

வன்னிப் பழைய மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு, வேறு ஊர் நூல்களில் எழுதியிருக்காது. 2009 வரையான போரில் இங்கே நின்ற மரங்களும் காயப்பட்டன. பனைக்குள்ளும் வேம்புக்குள்ளும் எறிகணைத் துண்டும் சன்னமும் புதைந்து, மேலே பட்டை மூடிவிட்டது. பங்கருக்கு வெட்டிய பனங்குற்றிகள் பிறகு கொட்டிலுக்கும் வேலிக்கும் போயின. மரக்காலையில் வாள் தகடு ஒன்று திடீரென்று அலறிப் பல் கொட்டினால் அரிபவர் முதலில் கேட்பது, இது எந்த ஊர் மரம் என்றுதான். நகை வேலைக்கு எடுக்கும் சின்னத் துண்டில் இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றி மரம் நீலக்கறுப்பாகக் கறைபட்டிருக்கும். மேலும் கீழுமாக நார்வாக்கில் கறை நீண்டு போயிருக்கும். மரத்திலுள்ள தனின் ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கறுப்புச் சேர்மம் உண்டாகிறது. பழைய காலத்து எழுத்து மையும் இதே வேதியியல்தான். சந்தேகமான கட்டை மேல் நல்ல காந்தம் ஒன்றை ஓட்டிப் பார்ப்பது வாளுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு. ஆனால் ஈயமும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது, அந்த நீலக்கறுப்புக் கறையும் தராது. வெடிக்காத பொருள் ஏதும் உள்ளே தெரிந்தால் தோண்டாமல் தள்ளி நின்று பொலிசாருக்குச் சொல்ல வேண்டும்.

அந்த இரும்புக் கறையையே வேலைக்கு எடுக்கலாம். கருங்காலி மாலைக்கு ஆசைப்படுபவருக்கு, பொய் சொல்லாமல் கறுப்பு மரம் கொடுக்க ஒரு வழி. ஒரு போத்தல் வினாகிரியில் துருப்பிடித்த ஆணியோ இரும்புப் பஞ்சோ போட்டு, மூடியை இறுக்காமல் ஒரு கிழமை வைக்க வேண்டும். வாயு வெளியேற வழி வேண்டும். இரும்பு கரைந்து அசற்றேற்று ஆகும். மரத்தில் தனின் நிறைய இருந்தால் நேரே பூசலாம். இல்லாவிட்டால் முதலில் கடும் சாயத் தேயிலையைக் காய்ச்சி இரண்டு தரம் பூசிக் காயவிட வேண்டும். இலங்கையில் இதற்குப் பஞ்சமில்லை. இடித்த கடுக்காய் இன்னும் வீரியம். அதன் மேல் இரும்புக் கரைசல் பட்டதும் பழுப்பு மரம் கண்முன்னே சாம்பலாகி, நீலமாகி, சில நிமிடத்தில் கறுக்கும். மேலே ஒட்டிய சாயமல்ல, நாருக்குள்ளேயே உண்டான நிறம். மீண்டும் ஒருதரம் தேயிலைத் தண்ணீர் பூசினால் இன்னும் ஆழும். ஆழம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு என்பதால் வடிவத்தை முழுக்கத் தேய்த்து முடித்தபின்தான் இதைச் செய்ய வேண்டும். விற்கும் அட்டையில் கறுப்பாக்கிய வேம்பு என்று எழுதுங்கள். வேம்புக்கு அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

கடைசியாக மேற்பூச்சு. வீட்டில் இருக்கும் தேங்காயெண்ணெயைத் தடவினால் அன்று பளபளக்கும், அவ்வளவுதான். அது காயாத எண்ணெய். துளைக்குள் ஈரமாகவே இருந்து தூசியைப் பிடித்து, மாதங்கள் போகச் சிக்கல் வாடை வீசும். நல்லெண்ணெய் பாதி காயும், பாதி பிசுபிசுக்கும். ஆளி விதை எண்ணெய் மட்டும் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி மெல்லிய திண்மப் படலமாக மாறும். இரட்டைப் பிணைப்புகள் அதில் மிகுதி, தேங்காயெண்ணெயில் அரிது. வேறுபாட்டின் காரணம் இதுதான். மெல்லப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, இரண்டு மூன்று நாள் விட்டு அடுத்த பூச்சு. மேலே கொஞ்சம் தேன்மெழுகு தேய்த்தால் தொடுகை நன்றாக இருக்கும். துடைத்த துணியை மட்டும் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் ஒட்சிசனோடு சேரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்திவிட வேண்டும்.